வீட்டு ஆடியோ மிக்சரில் ஙொய்ங் சத்தமா? சர்வீஸுக்கு அனுப்பும் முன் இதையெல்லாம் பாருங்கள்

பெரியம்மாவுக்கு வள்ளி கும்மிப் பாட்டு ஒரு நோட்டு நிறையத் தெரியும். அதை ரெக்கார்டு பண்ணி வைக்கலாமே என்றுதான் ஆறு சேனல் யுஎஸ்பி மிக்சர் ஒன்று, ஒரு கண்டென்சர் மைக், ஒரு டைனமிக் மைக் வாங்கி, கோவை சோமனூர் பக்கம் எங்கள் வீட்டு மாடி ரூமில் வைத்தேன். முதல் பாட்டைப் பதிந்து ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். நாலு வரி கேட்டார். "ஏங்கண்ணு, நான் பாடறதுக்குள்ள எவன் வண்டை உட்டான்?" என்றார்.

அந்த வண்டைப் பிடிக்க எனக்கு இரண்டரை மாதம் ஆனது. சுவருக்கு ஃபோம் ஒட்டினேன் (2,400 ரூபாய்), புது மைக் கேபிள் இரண்டு வாங்கினேன் (1,300), கடைசியில் மிக்சரையே கூரியரில் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். போக வர 640, அதற்கு மேல் செக்கிங் சார்ஜ் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 590. பத்தொன்பது நாள் கழித்து "குறை எதுவும் இல்லை" என்று எழுதிய சீட்டோடு திரும்பி வந்தது. சீட்டில் இருந்தது உண்மைதான். குறை என் வீட்டு சுவருக்குள் இருந்தது.

ஆகவே நீங்கள் ஒரு ரூபாய் செலவு செய்யும் முன்னால், கீழே உள்ளதை இதே வரிசையில் செய்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வரிசையை மாற்றினால் என்னை மாதிரி சுற்ற வேண்டியிருக்கும்.

1. முதலில் அது என்ன சத்தம் என்று கேளுங்கள்

எல்லாச் சத்தத்தையும் "நாய்ஸ்" என்று ஒரே பெயரில் சொல்லிக்கொண்டு இருந்தால் மருந்து கிடைக்காது. பாடுபவர் இல்லாமல், ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, மிக்சரை நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவில் வைத்து வெறும் அமைதியை முப்பது நொடி ரெக்கார்டு செய்யுங்கள். அதை ஹெட்போனில் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேளுங்கள்.

'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் முனகுகிறதா? அது கரண்டின் ஹம். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஆகவே அந்த முனகலும் 50 ஹெர்ட்ஸில் இருக்கும். 'ர்ர்ர்' என்று வண்டு மாதிரி, கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் 100, 150 என்று மேலே அடுக்கடுக்காகப் போகிற 'பஸ்' (buzz) இரைச்சல். எர்த், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். 'ஸ்ஸ்ஸ்' என்று பஜ்ஜி பொரிகிற மாதிரி இருந்தால் அது ஹிஸ், கெயின் (மைக் சிக்னலை மிக்சர் பெருக்கும் அளவு) சமாச்சாரம். 'கீ...' என்று மெல்லிய கம்பிச் சத்தம், மவுஸை நகர்த்தும்போது அதுவும் கூடக் குறைய ஆகிறது என்றால் லேப்டாப். ஃபேடரை (மேலும் கீழும் தள்ளி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டனை) நகர்த்தினால் மட்டும் 'கரக் கரக்' என்றால் தூசி. 'டிட்டிட் டிட்டிட்' என்று விட்டு விட்டு வந்தால் பக்கத்தில் செல்போன் இருக்கிறது, அதை ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

காதை நம்ப முடியவில்லையா, ஆடாசிட்டி என்ற ஆடியோ சாஃப்ட்வேர் இலவசம்தான். அந்த முப்பது நொடியைத் திறந்து, 'அனலைஸ்' மெனுவில் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' போட்டால் மலை மாதிரி கோடு வரும். 50, 100, 150 இடங்களில் ஊசி ஊசியாக நின்றால் கரண்டு. 1,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸில் தனியாக ஒரு ஊசி நின்றால் யுஎஸ்பி. ஊசியே இல்லாமல் மேடு பள்ளமற்ற தரை மாதிரி உயர்ந்திருந்தால் ஹிஸ்.

இந்த முப்பது நொடி ஃபைலை அழிக்காதீர்கள். தேதி போட்டு வையுங்கள், பின்னால் 8ஆம் படியில் கேட்பேன்.

2. எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டுங்கள்

இதைத்தான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். கழற்றும் முன் ஃபேடர், ஹெட்போன் அளவு எல்லாவற்றையும் கீழே இறக்கி, கண்டென்சர் மைக்குக்கு மிக்சர் கொடுக்கும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை ஆஃப் செய்து அரை நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் 'டொப்' என்று ஒரு அடி வரும், அது காதுக்கும் ஸ்பீக்கருக்கும் ஆகாது.

இப்போது மிக்சரில் பவர் ஒயரும் ஹெட்போனும் மட்டும் இருக்கட்டும். மைக் இல்லை, யுஎஸ்பி இல்லை, ஸ்பீக்கர் இல்லை. எல்லா கெயினும் அடியில், மெயின் ஃபேடர் மட்டும் 0 குறியில். கேளுங்கள். இங்கேயே முனகல் இருந்தால் மிக்சரோ அதன் அடாப்டரோ சுவர் பிளக்கோ ஏதோ ஒன்று. அமைதியாக இருந்தால் மிக்சர் நல்லாத்தான் இருக்கிறது, அதைத் திட்டுவதை நிறுத்தலாம்.

பிறகு ஒவ்வொன்றாக: மைக் கேபிள் மட்டும், அப்புறம் மைக், அப்புறம் ஃபேன்டம், அப்புறம் யுஎஸ்பி (லேப்டாப் சார்ஜர் இல்லாமல்), அப்புறம் சார்ஜர், கடைசியில் ஸ்பீக்கர். ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி கேட்டு ஒரு பேப்பரில் எழுதுங்கள். எதை மாட்டியதும் சத்தம் வந்ததோ அங்கே நில்லுங்கள். எழுதாமல் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஐந்தாவது கேபிளில் குழம்பிவிடும், எனக்குக் குழம்பியது.

இன்னொரு சின்னச் சோதனை. சத்தம் வந்துகொண்டிருக்கும்போது மைக்கின் இரும்பு உடம்பை விரலால் தொடுங்கள். தொட்டால் குறைகிறது, விரலை எடுத்தால் கூடுகிறது என்றால், மிச்ச படிகளைத் தாண்டிக்கொண்டு நேராக எர்த்துக்குப் போங்கள். இன்னொன்று, லேப்டாப்பின் மேல் மூடியைத் தடவினால் 'சுர்ர்' என்று விரலில் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறதா, அப்படியிருந்தால் தொட்டுத் தொட்டு விளையாட வேண்டாம், அதுவும் எர்த்துதான்.

3. எர்த் இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கிறது என்று நம்பாதீர்கள்

என் கதை முழுவதும் இந்தப் படியில்தான். பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கிறது, மேலே பெரிய ஓட்டை எர்த், பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. எங்கள் மாடி ரூம் வீடு கட்டிப் பல வருடம் கழித்துப் பின்னால் சேர்த்தது. கீழிருந்து பேஸ், நியூட்ரல் இரண்டை மட்டும் இழுத்து முடித்துவிட்டார்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், நான் 450 ரூபாய்க்கு வாங்கினேன், காந்திபுரம் பக்கம் எலெக்ட்ரிக்கல் கடைகளில் எதில் கேட்டாலும் தருவார்கள். குமிழை ஏசி வோல்ட்டில், 600 அல்லது 750 என்று உள்ள பெரிய அளவில் வைத்து மூன்று ரீடிங் எடுக்க வேண்டும். கரண்டு விஷயம், கை நடுங்குபவர்கள் எலெக்ட்ரீஷியனையே எடுக்கச் சொல்லுங்கள், அதில் ஒன்றும் வெட்கம் இல்லை.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 220 முதல் 240 வரை இருக்கும். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பேஸ்-எர்த் 60, 110 என்று சம்பந்தமில்லாத எண்ணைக் காட்டினால் அந்த ஓட்டை எதிலும் சேரவில்லை. எனக்கு 87 காட்டியது. சுவிட்சைப் போட்டு அணைத்தால் 40.

இதில் ஒரு பொல்லாத வேலை உண்டு, கவனமாகக் கேளுங்கள். சிலர் எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பிளக் பாக்ஸுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். மீட்டரில் எல்லாம் அழகாக வரும். நியூட்ரல்-எர்த் 0.0 என்று காட்டும், இஸ்திரிப் பெட்டியைப் போட்டாலும் 0.0 என்று அசையாமல் நிற்கும். அப்படி நின்றால் சந்தேகப்படுங்கள். எங்காவது நியூட்ரல் விட்டுப்போன நாளில் உங்கள் மைக்கின் உடம்பில் முழு 230 வோல்ட் இருக்கும், பாடுகிறவர் உதட்டை வைப்பது அதன் மேல்தான். மூன்று லைட் எரிகிற சாக்கெட் டெஸ்டர் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அது ஒயர் இல்லை என்பதைச் சொல்லும், இந்தத் திருட்டைச் சொல்லாது.

எங்கள் ஊர் எலெக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரையே பையில் இருந்து எடுக்கவில்லை. ஹோல்டரில் மாட்டிய நூறு வாட் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். பேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. பேஸிலும் எர்த்திலும் வைத்தார், எரியவே இல்லை. "எர்த்தே இல்லீங்களே, அப்பறம் எப்படிங்க பாட்டு வரும்?" என்றார். கீழே ஹாலில் அதையே வைத்தபோது பல்பு காற்றில் வைத்த அகல் மாதிரி மங்கலாக எரிந்தது. அங்கே ஒயர் இருக்கிறது, ஆனால் அந்த ஒயர் போய்ச் சேரும் எர்த் குழி காய்ந்துவிட்டது. மீட்டருக்குக் கரண்டு துளிதான் வேண்டும், ஆகவே மோசமான எர்த்திலும் 230 காட்டிவிடும். பல்பு அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும், குழி சரியில்லை என்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள், அவரைச் செய்யச் சொல்லி நீங்கள் பாருங்கள். வீட்டில் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்டு கசிந்தால் இணைப்பை வெட்டும் சுவிட்ச்) இருந்தால் பல்பை வைத்ததும் அது ட்ரிப் ஆகும், அதுவும் நல்ல சேதிதான், எர்த்துக்கு வழி இருக்கிறது என்று அர்த்தம், ஆனால் குழி நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

குழியைத் தேடினோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மேலே ஆட்டுக்கல் வைத்து அம்மா மூடி வைத்திருந்தார். சித்திரை மாதம், மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நாலு குடம் தண்ணீர் ஊற்றி, துருப்பிடித்த கிளாம்பைத் தேய்த்து முறுக்கினார், ஹாலில் பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு மெயின் போர்டில் இருந்து மாடிக்குப் பச்சை ஒயர் தனியாக இழுத்தார். ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய், மூன்று மணி நேரம். அன்றைக்குச் சாயங்காலம் மிக்சரைப் போட்டபோது வண்டில் முக்கால்வாசி இல்லை.

நம் பக்கம் வறண்ட பூமி. மாசியில் இருந்து ஆடி வரை வாரம் ஒரு தடவை அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். புதுக் குழியே எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் கழித்துப் பல்பு வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் ஒத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சத்தம் போகிறது என்பதற்காக பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, அதற்கு டேப் சுற்றுவது, மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் போடுவது, இந்த யோசனையைச் சொல்பவர்கள் நிறையப் பேர். சத்தம் போவது வாஸ்தவம்தான். ஆனால் செய்யாதீர்கள்.

4. மிச்சக் கால்வாசி: எல்லாவற்றையும் ஒரே போர்டில் மாட்டுங்கள்

எர்த் சரியான பிறகும் மெல்லிய முனகல் இருந்தால், அது எர்த் இல்லாததால் அல்ல, எர்த்துக்கு இரண்டு வழி இருப்பதால். மிக்சர் ஒரு சுவரில், பவர்டு ஸ்பீக்கர் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது, நடுவில் ஆடியோ கேபிள் இரண்டையும் சேர்க்கிறது. அந்த வட்டத்தில் கொஞ்சம் கரண்டு ஓடும், அந்த ஓட்டம்தான் காதில் கேட்கிறது. கிரவுண்ட் லூப் என்பார்கள்.

மருந்து சுலபம். மிக்சர், லேப்டாப் சார்ஜர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே ஸ்பைக் போர்டில் மாட்டி அதை ஒரே பாயிண்டில் செருகுங்கள். லோடு தாங்குமா என்று பயம் வேண்டாம், இதெல்லாம் சேர்ந்து முந்நூறு வாட் வருவதே அபூர்வம், சாதாரண 5 ஆம்பியர் பாயிண்ட் ஆயிரம் வாட்டுக்கு மேல் தாங்கும். போர்டு மட்டும் நல்லதாக, உள்ளே எர்த் தகடு உள்ளதாக வாங்குங்கள், எனக்கு 550 ஆனது. நூற்றைம்பது ரூபாய் போர்டுகள் சிலவற்றில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம், திறந்து பார்த்தேன்.

டிவியோ செட்டாப் பாக்ஸோ மிக்சரோடு இணைந்திருந்தால், கேபிள்காரர் ஒயரைப் பின்னால் கழற்றிப் பாருங்கள். அது வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கும், லூப் அந்த வழியாகவும் வரும்.

இத்தனைக்கும் பிறகும் நிற்கவில்லை என்றால்தான் டிஐ பாக்ஸ் (ஆடியோ கேபிளின் நடுவில் மாட்டுகிற சின்னப் பெட்டி) வாங்க வேண்டும். பேசிவ் வகை போதும், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அதில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டும் விடுவிக்கிறது, சுவர் எர்த்தைத் தொடுவதில்லை, ஆகவே பயமில்லை. ஒன்றரை ஆயிரம், இரண்டாயிரம் ஆகும். முதலில் எவரிடமாவது இரவல் வாங்கிச் சோதியுங்கள், கல்யாணத்துக்கு மைக் செட் போடுகிறவர்களிடம் கட்டாயம் ஒன்று இருக்கும்.

5. லேப்டாப்பின் கீச்சுச் சத்தம்

சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் போகிறதா? போனால் விஷயம் முடிந்தது, பேட்டரியில் ரெக்கார்டு பண்ணுங்கள். ஒரு பாட்டு ஐந்து நிமிடம், பேட்டரி அதற்குத் தாங்கும். இதற்காக இரண்டாயிரம் மூவாயிரம் செலவழித்தவர்கள் எனக்குத் தெரியும்.

பிடுங்கினாலும் 'கீ...' நிற்கவில்லை என்றால் வேறு யுஎஸ்பி போர்ட்டுக்கு மாற்றுங்கள், குட்டையான, தடிமனான கேபிள் போடுங்கள், ஹார்ட் டிஸ்க், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். கடைசி ஆயுதம் யுஎஸ்பி ஐசொலேட்டர், லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் கரண்டுத் தொடர்பை மட்டும் பிரிக்கிற சின்னப் பெட்டி. அதில் ஒரு பொறி இருக்கிறது: மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 12 எம்பிபிஎஸ் வேகம்தான் கொடுக்கும். இரண்டு சேனல் மட்டும் அனுப்பும் சின்ன மிக்சர்களில் பல அதில் ஓடிவிடும். எல்லாச் சேனலையும் தனித்தனியாக அனுப்புகிற மிக்சர் 480 எம்பிபிஎஸ் கேட்கும், அதை அந்த ஐசொலேட்டரில் போட்டால் லேப்டாப் கண்டுகொள்ளவே செய்யாது. மிக்சரின் மேனுவலில் எது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

6. கேபிள்

மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளிலும், ஜாக்கில் இரண்டு கருப்பு வளையம் உள்ள டிஆர்எஸ் கேபிளிலும் ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் போகும், வழியில் ஒட்டுகிற இரைச்சல் மறுமுனையில் கழிந்துவிடும். ஒற்றை வளைய கிட்டார் கேபிளிலும், டிவி, டிவிடி பிளேயரில் மாட்டுகிற ஆர்சிஏயிலும் அந்த வசதி இல்லை. ஆகவே இவை குட்டையாக இருக்கட்டும், ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டாம். மைக்கை எக்ஸ்எல்ஆர் டு பெரிய ஜாக் கேபிளில் மாட்டி லைன் இன்புட்டில் செருகியிருப்பவர்கள் இப்போதே எழுந்து போய் மாற்றுங்கள். டைனமிக் மைக்கோடு இலவசமாகக் கொடுக்கிற கேபிள் பல சமயம் அந்த ரகம்தான், வாங்குகிறவர்கள் முதலில் அதில்தான் ஏமாறுகிறோம்.

மைக் கேபிளையும் கரண்டு ஒயரையும் சேர்த்துக் கட்டி அழகாக ஓரமாக விடாதீர்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் கூட்டல் குறி மாதிரி தாண்டட்டும். மிக்சர் அடாப்டரையும் இன்வெர்ட்டரையும் மைக் கேபிளில் இருந்து தள்ளி வையுங்கள். சுருட்டிய மிச்சக் கேபிளை ஸ்பைக் போர்டு மேல் வைத்திருந்தேன், அதை எடுத்துத் தரையில் போட்டதும் கொஞ்சம் குறைந்தது, அதற்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.

7. ஹிஸ்: இது உங்கள் கையில்தான்

மைக்கைத் தூரத்தில் வைத்து கெயினைத் திருகு திருகு என்று திருகினால் பொரிகிற சத்தம் வரத்தான் செய்யும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், அவ்வளவு கெயினைக் குறைக்கலாம். பெரியம்மா ஒரு முழம் தள்ளி நின்றுதான் பாடுவார், கும்மி தட்டிப் பழகிய உடம்பு, நிற்க வைத்தால் கை தானாகப் போகும். நாற்காலியில் உட்கார வைத்து வாய்க்கு நாலு விரல் இடைவெளியில் டைனமிக் மைக்கை நிறுத்தினேன், கெயின் கால் சுற்றுக் குறைந்தது.

உச்சத்தில் பாடும்போது ரெக்கார்டரில் -12க்கும் -6 டெசிபலுக்கும் நடுவே ஊசி நின்றால் போதும், 24 பிட்டில் பதிந்தால் அதற்கு மேல் இழுக்க வேண்டியதே இல்லை. ஃபேடர் 0 குறியில் இருக்கட்டும், அளவை கெயினில் சரி செய்யுங்கள். ஃபேடரை அடியில் வைத்துவிட்டு கெயினை ஏற்றுவதும், கெயினை அடியில் வைத்துவிட்டு ஃபேடரை உச்சியில் தள்ளுவதும் இரண்டுமே தப்பு. உபயோகிக்காத சேனல்களை மியூட் பண்ணுங்கள். மிக்சருக்குள்ளேயே எக்கோ எஃபெக்ட் இருந்தால் அதன் ஃபேடரை முழுக்க இறக்குங்கள், விலை குறைந்த மிக்சர்களில் பாதி ஹிஸ் அங்கிருந்துதான் வருகிறது. எக்கோ வேண்டுமென்றால் பிறகு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். டைனமிக் மைக்கில் எவ்வளவு கிட்ட வைத்தும் கெயின் முக்கால்வாசிக்கு மேல் வேண்டியிருந்தால் அது மிக்சரின் பிரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்கும் பகுதி) போதாமை, அதற்குக் கண்டென்சர்தான் சுலப வழி.

இதோடு தெருச் சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மிக்சர் இரைச்சல் என்று நினைத்த ஒன்று பின் தெரு விசைத்தறி. ராத்திரி ஷிப்ட் ஓடும்போது தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறி வருகிறது. மைக்கைக் கழற்றினால் சத்தம் போய்விட்டால் அது காற்றிலோ தரையிலோ வருகிற சத்தம். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் பழைய மெத்தைத் துண்டைப் போடுங்கள், மிக்சரில் 'லோ கட்' பட்டனை அழுத்துங்கள், 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும், பெண்குரலுக்கு எந்த நட்டமும் இல்லை. நாமக்கல் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் முட்டை அட்டை ஐம்பது கட்டிக் கொடுத்தார், சுவர் நிறைய ஒட்டினேன். எதிரொலி கொஞ்சம் குறைந்ததே தவிர தறி அப்படியே கேட்டது. ஃபோமும் அதே கதைதான். கரண்டு சத்தத்துக்கு இவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நேரத்தைப் பொறுத்தும் இருக்கிறது. தோட்டத்துக்கு த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும், வோல்டேஜ் இறங்கும், ஸ்டெபிலைசர் 'டொக் டொக்' என்று அடிக்கும், அது ரெக்கார்டிங்கில் விழும். ஃபேனும் அப்படியே: ரெகுலேட்டரை நடுவில் வைத்தால் 'ர்ர்ர்', முழு வேகத்தில் வைத்தால் இல்லை என்றால் ரெகுலேட்டர்தான் குற்றவாளி, கட்டம் கட்டமாகத் திரும்புகிற கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றுங்கள், முந்நூறு ரூபாய்க்குள் முடியும். எங்கள் தெருவில் ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் தறி நிற்கும், அதுதான் எங்கள் ரெக்கார்டிங் நேரம்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டு நிறுத்துகிற நாளை நான் ரொம்பவும் நம்பியிருந்தேன். பேப்பரில் 'நாளைய மின்தடை' பார்த்துக் காத்திருந்து, தறி ஒன்றுகூட ஓடாத அந்தக் காலை ஒன்பது மணிக்கு மிக்சரை இன்வெர்ட்டரில் போட்டால், எர்த் சரி பண்ணுவதற்கு முன்னால் இருந்ததைவிடப் பெரிய வண்டு. எங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சைன் வேவ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொந்தரவு அவ்வளவாக இருக்காது. இனிமேல்தான் மிக்சர் வாங்கப் போகிறீர்கள் என்றால் 5 வோல்ட் யுஎஸ்பியிலேயே ஓடுகிறதாகப் பாருங்கள், பவர் பேங்கில் போட்டு அந்த நாளைப் பொன்னாக உபயோகிக்கலாம்.

8. உண்மையிலேயே மிக்சர்தான் குறை என்றால்

ஃபேடரோ குமிழோ நகர்த்தும்போது மட்டும் கரகரத்தால் அது சர்வீஸ் வேலையே இல்லை. கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே 320 ரூபாய். பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இடுக்கில் ஒரு பீச்சு, இருபது முப்பது தடவை மேலும் கீழும் நகர்த்தி, அரை மணி நேரம் காய விடுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை அடிக்காதீர்கள், தூசி ஒட்டி அடுத்த மாதம் இரட்டிப்பாகும்.

இரண்டாவது படியில் வெறும் மிக்சரும் ஹெட்போனும் வைத்தே முனகியது, எர்த் நன்றாக உள்ள வேறு வீட்டில் போட்டாலும் முனகுகிறது, அப்படியென்றால் அனுப்பத்தான் வேண்டும். வேறு வீட்டில் போட்டுப் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். நான் அந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் பத்தொன்பது நாளும் 1,230 ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

அனுப்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை: ஜிஎஸ்டி பில், வாரண்டி கார்டு (கடை சீல், தேதியோடு), மிக்சரின் அடியில் உள்ள சீரியல் நம்பர் போட்டோ. பில்லில் உள்ள சீரியல் நம்பரும் மிக்சரில் உள்ளதும் ஒன்றுதானா என்று வாங்கிய அன்றைக்கே பாருங்கள், கடையில் பெட்டி மாறி வருவது உண்டு. ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போச்சு என்பார்கள், அதனால் திறக்க வேண்டாம். அந்த முப்பது நொடி ஃபைல், வேறெதுவும் மாட்டாமல் முனகுவதைக் காட்டும் ஒரு செல்போன் வீடியோ, எந்தெந்தச் சோதனை செய்தீர்கள் என்று அரைப் பக்கக் கடிதம் இவை மூன்றும் கூடவே போகட்டும். "நாய்ஸ் வருகிறது" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அவர்கள் ஆன் செய்து பார்த்து, பாட்டு வருகிறதே என்று திருப்பி அனுப்புவார்கள், எனக்கு நடந்தது அதுதான். அடாப்டரையும் சேர்த்து அனுப்புங்கள், குறை அதில்கூட இருக்கலாம்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் வாரண்டிக்கும் முன்னால் ரிட்டர்ன் தேதியைப் பாருங்கள். அது சில நாட்கள்தான். மிக்சர் வந்த அன்றே பிரித்து, அன்று சாயங்காலமே ஒன்றும் இரண்டும் படியைச் செய்துவிட வேண்டும், நல்ல நாள் பார்த்துப் பெட்டியைப் பிரிக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் ஒரு வருடம் பரணில் வையுங்கள்.

சர்வீஸில் கொடுத்தால் ஜாப் ஷீட் கையில் வாங்காமல் வராதீர்கள். செக்கிங் சார்ஜ் எவ்வளவு, வாரண்டியில் உள்ளதற்கும் உண்டா, எத்தனை நாள் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம், பில்லையும் ஜாப் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

9. மிச்சம் மீதி

ஏற்கெனவே முனகலோடு பதிந்துவிட்ட பாட்டு, திரும்பப் பாட வைக்க முடியாத பாட்டு இருக்குமே, அதற்கு மட்டும் சாஃப்ட்வேர். 50, 100, 150 இடங்களில் நாட்ச் ஃபில்டர் போட்டு ஒல்லியாக வெட்டுங்கள். அதற்குப் பிறகுதான் நாய்ஸ் ரிடக்ஷன், பாட்டு ஆரம்பிக்கும் முன் உள்ள அமைதியான இரண்டு மூன்று நொடியை மாதிரியாகக் கொடுத்து, 6 முதல் 12 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இழுத்தால் குரல் தண்ணீர்ப் பானைக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். இதற்காகவே ஒவ்வொரு ரெக்கார்டிங்கிலும் ஐந்து நொடி சும்மா ஓடவிட்டு அப்புறம் பாடச் சொல்லுங்கள்.

பெரியம்மா அந்த ஐந்து நொடியைத் தாங்க மாட்டார். "ஓடுதா? ஓடுதாங் கண்ணு?" என்று கேட்பார், அது எல்லாப் பாட்டிலும் முதலில் இருக்கிறது. அதை மட்டும் நான் வெட்டவில்லை.